சிவப்பு வண்டிக்கு நீல மூடி

அண்ணியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டு வருவார்கள். அந்தப் பெண் கோபத்தோடு வந்தாள். வந்த வேகத்தில் எங்கள் அலுவலகத்தில் ஆடாத ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். அது என் நாற்காலி.

"நான் திருடலைன்னு நிரூபிக்கணும். சாயங்காலத்துக்குள்ள. முடியுமா, முடியாதா?"

"எதைத் திருடலை?" என்றேன்.

"பிஸ்டனை."

"நானும்தான் பிஸ்டன் திருடலை. அதுக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறி சொல்லிக்கிட்டா இருக்கேன்?"

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு, டீ வாங்கிக்கொண்டு வா என்று அர்த்தம். நான் புரியாதவன் மாதிரி அங்கேயே நின்றேன். இவ்வளவு சுவாரசியமான இடத்தில் யார் டீ வாங்கப் போவது?

இந்தத் துப்பறியும் நிறுவனம் என் அண்ணன் மனைவியுடையது. அண்ணனுடைய கண்ணாடி, சாவி, பர்ஸ், ஒற்றைச் செருப்பு என்று கல்யாணமான நாளிலிருந்து தேடித் தேடி அண்ணிக்குக் கை பழகிவிட்டது. வீட்டில் சும்மா செய்கிற வேலையை வெளியில் காசுக்குச் செய்தால் என்ன என்று போர்டு மாட்டிவிட்டார். நான் கொழுந்தன். உதவியாளன், டிரைவர், வேவு பார்ப்பவன், நாய் துரத்தினால் முதலில் ஓடுபவன் எல்லாம் நானேதான். பதவிக்குக் குறைச்சல் இல்லை, மரியாதைதான் இன்னும் வந்து சேரவில்லை.

வந்தவள் ஒரு மெக்கானிக். விரல் நகங்களுக்குள் கருப்பு ஏறியிருந்தது. மணல் மேட்டின் அடிவாரத்தில் நாலு சக்கர பைக்குகளை வாடகைக்கு விடுகிறார்களே, கொழுத்த டயரும் குட்டை உடம்புமாக, ஏடிவி என்று போர்டில் போட்டிருக்குமே, அந்தக் கடையில் வேலை.

"வருஷா வருஷம் எங்க முதலாளிக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் பந்தயம் மேடம். மேட்டு உச்சி வரைக்கும் யாரு முதல்ல ஏறுறதுன்னு. அவரு வேற யாரும் இல்ல, முதலாளியோட சகலைதான்."

"சகலையா? அப்ப கொலை நடக்காம இருக்கிறதே பெரிய விஷயம்" என்றேன். அவள் முதல்முறையாகச் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

இன்று சாயங்காலம் பந்தயம். நேற்று மத்தியானம் அவளே சிவப்பு வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறாள், பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. பிறகு முதலாளி தனக்குப் புதுக் கையுறை வேண்டும் என்று அவளைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். இருட்டிய பிறகு திரும்பி வந்து டயரில் காற்று மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் முதலாளி ஏறி ஓட்டினால் வண்டி நகர மாட்டேன் என்கிறது. நல்ல பிஸ்டனை உருவி விற்றுவிட்டு, பழசைப் போட்டிருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கத்தி, வெளியே தள்ளி, வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"போலீசுக்குப் போகாம விடுறதே பெருசுன்னு சொல்றாரு. ஊர்ல இருக்கிற பட்டறைக்கெல்லாம் வரிசையா போன் போட்டு, இவள சேத்துக்காதீங்க, கை நீளம்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான் மேடம். திருடின்னு பேரு நின்னுட்டா எவன் என் கையில ஸ்பேனரக் குடுப்பான்?"

கோபம் இறங்கி, குரல் லேசாக உடைந்தது. நாற்காலி போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அண்ணி மேஜை மேல் முழங்கையை ஊன்றினார். "காலைல அவரு ஓட்டினப்ப நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"கிளம்புறப்ப எப்படி?"

"முறுக்கினா முனகுது, இழுக்க மாட்டேங்குது."

"நிறுத்துறப்ப?"

"அதான் மேடம் வேடிக்கை. நிக்கவும் மாட்டேங்குது. பிரேக்கையும் வித்துட்டியாடின்னு அதுக்கும் ஒரு கத்து."

"சமதரைல விட்டு ஓட்டினா?"

அவள் யோசித்தாள். "போகப் போக வேகம் எடுத்துச்சு. கடைசில கிட்டத்தட்ட நேத்து போன வேகம்தான். ஆனா அங்க வர்றதுக்குள்ள விடிஞ்சிரும்."

அண்ணியின் உதட்டோரம் ஒரு பக்கமாக ஏறியது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அண்ணன் காணோம் காணோம் என்று தேடுகிற கண்ணாடி அவர் தலை மேலேயே இருக்கும்போது வருகிற சிரிப்பு அது.

* * *

காரில் போகும்போது அண்ணி கேட்டார். "கொழுந்தனாரே, கிளம்பவும் சோம்பல், நிக்கவும் சோம்பல். நம்ம வீட்ல யாரு அப்படி?"

"அண்ணன்."

"அவருக்கு என்ன கோளாறு?"

"கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல. எடைதான். சோபாவுல இருந்து எழுந்திரிக்கவும் நேரமாகும், நடக்க ஆரம்பிச்சா கதவுல இடிச்சாத்தான் நிப்பாரு."

"அவ்வளவுதான் கேஸு" என்று அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பிஸ்டன் கெட்டா வண்டி கிளம்பாது, சரி. நிக்கிறதுக்கு என்ன கேடு? பிரேக் கெட்டா நிக்காது, கிளம்புறதுக்கு என்ன கேடு? ரெண்டும் ஒரே நாள்ல கெட்டா அது கோளாறு இல்ல, கனம். எங்கயோ கனம் ஏறியிருக்கு."

பின்சீட்டிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினாள். "சீட்டுக்கு அடியில, பெட்டிக்குள்ள, எல்லாம் காலைலயே பாத்துட்டேன் மேடம். ஒரு கூழாங்கல்லு கூட இல்ல."

"உருண்டுகிட்டே இருக்கிற இடத்தப் பாத்தியா?" என்றார் அண்ணி. கேஸ் முடியும் வரை இப்படிப் பாதிப் பாதியாகப் பேசுவது அவர் வழக்கம். அண்ணன் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மணல் மேட்டின் அடியில் திருவிழாக் கூட்டம் போல ஜனம் சேரத் தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். முதலாளி குண்டான மனிதர். புதுக் கையுறையை இப்போதே மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பின்னால் வந்த மெக்கானிக்கைப் பார்த்ததும் மூக்கு விடைத்தது.

"யாரு நீங்க? இவள எதுக்கு உள்ள கூட்டிட்டு வந்தீங்க?"

"துப்பறியிற ஆபீஸ். இவ வாசல்லயே நிப்பா" என்றார் அண்ணி. "நீங்க வண்டியக் காட்டுங்க. பிஸ்டன் மாத்தியிருந்தா நானே போலீசுக்குப் போன் பண்றேன்."

முதலாளிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. கொட்டகைப் பூட்டைத் திறந்தார். உள்ளே சிவப்பு வண்டி பளபளவென்று நின்றது. அண்ணி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நானும் சுற்றினேன், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் டயர்களைப் பார்த்தேன்.

"முதலாளி, காத்து அடைக்கிற வால்வுக்கு மூடி போட்டிருக்கீங்களே, மூணு சிவப்பு, ஒண்ணு மட்டும் நீலம். திருஷ்டிக்கா?"

"நீலமா?" முதலாளி குனிந்து பார்த்தார். குனிந்தவர் முகமெல்லாம் ரத்தம் ஏற நிமிர்ந்தார். "என் சகலை வண்டி நீலம்! அவன் மூடி இங்க எப்படி வந்துச்சு?"

"வரும், வரும்" என்று அண்ணி ஒரு ஸ்பேனரை எடுத்து டயரின் மேல்பக்கம் தட்டினார். டொங் என்றது. கீழ்ப்பக்கம் தட்டினார். தொப் என்றது. மறுபடி மேலே, மறுபடி கீழே. பிறகு வண்டியைக் கொஞ்சம் உருட்டி, வால்வு தரைப்பக்கம் வரும்படி நிறுத்தினார்.

"கொழுந்தனாரே, குனிஞ்சு அந்த மூடியக் கழட்டி, உள்ள இருக்கிற ஊசிய லேசா அமுக்குங்க."

அவர் "லேசா" என்று சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அமுக்கினேன். பீச்சாங்குழல் மாதிரி என் முகத்தில் தண்ணீர் அடித்தது. மூக்கில் ஏறி, காதில் இறங்கி, சட்டைக்குள் போயிற்று.

"தண்ணி!" என்றார் முதலாளி.

"நன்றி, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றேன், துப்பிக்கொண்டே.

நாலு டயரிலும் அதே கதை. பாதிக்கு மேல் தண்ணீர், மீதிக்குக் காற்று. வால்வு மேலே இருக்கும்போது அழுத்தம் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் காட்டும். மெக்கானிக் ஏமாந்ததும் அங்கேதான்.

முதலாளி சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. "இருங்கம்மா. தண்ணி என்ன பெரிய கனம்? போன மாசம் பின்னால என் மச்சானையே உக்கார வச்சு மேடு ஏறினேன். அவன் ரெண்டு மூட்டை சிமெண்ட் கனம் இருப்பான். அப்பக்கூட வண்டி இப்படிப் படுக்கல."

"நல்ல கேள்வி" என்றார் அண்ணி. சுவரில், சேற்றில் இறங்குகிறவர்களுக்காக முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அண்ணி அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஓரடி பின்வாங்கினேன்.

"கொழுந்தனாரே, செருப்பைக் கழட்டுங்க."

முதலில் ஒரு கேன் தண்ணீரை முதுகுப் பையில் வைத்துக் கேட் வரை ஓடி, திரும்பி வந்து நிற்கச் சொன்னார். மூச்சு வாங்கியது, ஆனாலும் ஓடினேன். நில் என்றதும் நின்றேன். பிறகு அதே கேனை இரண்டு பூட்ஸிலும் ஊற்றி, என்னை உள்ளே இறக்கினார். பாதி பூட்ஸுக்குள் நின்றது, மீதி என் பேண்ட்டுக்குப் போயிற்று.

"இப்ப ஓடுங்க."

அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கே அவமானம். ஒவ்வொரு கால் எடுக்கவும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது எப்படியோ கொஞ்சம் வேகம் சேர்ந்துவிட்டது. "நில்லுங்க" என்றார் அண்ணி. நான் நின்றேன், என் கால்கள் நிற்கவில்லை. பழைய டயர்கள் அடுக்கியிருந்த குவியலில் தலைகுப்புறப் போய் விழுந்தேன். வாசலில் மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சரி, அவளாவது சிரித்தாளே.

அண்ணி முதலாளி பக்கம் திரும்பினார். "முதுகுல இருக்கிற கனத்த ஒரு தடவ தூக்கிட்டா போதும். கால்ல இருக்கிற கனத்த ஒவ்வொரு எட்டுக்கும் தூக்கணும், ஒவ்வொரு எட்டுக்கும் இறக்கணும். சக்கரமும் அப்படித்தான் சார். உங்க மச்சான் சும்மா உக்காந்திருந்தாரு, எஞ்சின் அவர முன்னால தள்ளினா போதும். டயர்ல இருக்கிற கனத்த முன்னாலயும் தள்ளணும், சுத்தவும் விடணும். ரெட்டை வேலை. நிறுத்துறப்ப பிரேக்குக்கும் ரெட்டை வேலை. குழில இறங்கினா தண்ணி குடிச்ச டயரு சட்டுனு மேல ஏறியும் வராது. ஆனா ஒரு தடவ சுத்தப் பழகிட்டா சமதரைல ஓடிரும். பிஸ்டன் பழசா இருந்தா அங்கயும் திணறியிருக்கும். உங்க பிஸ்டன் உள்ளதான் இருக்கு. உங்க மெக்கானிக் எதையும் திருடல."

கேஸ் முடிந்தது என்று நான் பூட்ஸைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

முதலாளியின் முகம் இன்னும் சிவந்தது. "அப்ப தண்ணி ஊத்தினதும் அவதான்! திருட்டுன்னாகூட மன்னிச்சிருப்பேன். இது துரோகம்! என் சகலைக்குக் கைக்கூலியாப் போயிட்டா. அந்த நீல மூடியே சாட்சி. இப்பவே மைக்ல சொல்றேன், இவ மூஞ்சில இனி ஒருத்தன் முழிக்கக் கூடாது!"

வாசலில் நின்றவளின் சிரிப்பு அப்படியே செத்துப்போயிற்று. காலையில் திருடி, இப்போது துரோகி. நாங்கள் வந்து நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டோம். எனக்கு அந்த ஆளைப் பூட்ஸாலேயே ஒன்று போடலாமா என்று வந்தது.

"மைக்குக்குப் போக அரை மணி நேரம் பொறுங்க" என்றார் அண்ணி, கொஞ்சமும் அசராமல். "எனக்கு உங்க சகலையப் பாக்கணும். இந்த வேலி வழியாப் போகலாமா?"

இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி, அதில் ஒரு சின்னக் கதவு. மாமனார் டிராக்டர் வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவராம். நிலத்தை இரண்டாக்கி, இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்து, நடுவில் வேலியும் போட்டுக்கொடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நானும் அவனும் அந்தக் கதவத் தாண்டி வருஷக்கணக்காச்சு" என்றார் முதலாளி பெருமையாக. "வேலைக்காரங்களும் தாண்டக் கூடாது. வீட்டுப் பொம்பளைங்க கூடையத் தூக்கிக்கிட்டு அக்கா வீடு, தங்கச்சி வீடுன்னு போவாங்க வருவாங்க. அதெல்லாம் ஒரு கணக்கா?"

"கணக்கே இல்ல" என்று அண்ணி ஒத்துக்கொண்டார். உதடு மறுபடியும் ஒரு பக்கமாக ஏறியது.

* * *

சகலை ஒல்லியானவர். முன்பற்கள் இரண்டு புதிதாகக் கட்டியவை, பேசும்போது விசில் அடித்தது. நாங்கள் போனபோது ஒரு கையில் பெட்ரோல் கேனை மோந்துபார்த்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்து யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார்.

"கலப்படம்! சுத்தக் கலப்படம்! நேத்து வரைக்கும் குதிரை மாதிரி போன வண்டி இன்னிக்குக் கிளம்பவே மாட்டேங்குது, கிளம்பினா நிக்க மாட்டேங்குது. நீ பெட்ரோல் விக்கிறியா, கஷாயம் விக்கிறியா?"

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீல வண்டியின் டயர்களைப் பார்த்தேன். மூன்று நீல மூடி. ஒரு சிவப்பு மூடி.

"சார், போனை வைங்க" என்றேன். "ஒரு சின்ன சோதனை. நீங்களே குனிஞ்சு அந்த ஊசிய அமுக்குங்க. முகத்த நல்லா கிட்டக் கொண்டுபோங்க, அப்பத்தான் சத்தம் கேக்கும்."

அவர் அமுக்கினார். நான் அனுபவஸ்தன், முன்கூட்டியே மூன்றடி தள்ளி நின்றுகொண்டேன். இந்தத் தொழிலில் இப்படி ஒரு சந்தோஷம் எப்போதாவதுதான் கிடைக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வேலிக்கு ஓடினார். அந்தப் பக்கம் முதலாளி ஏற்கெனவே வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"என் டயர்ல தண்ணி ஊத்தினியாடா?"

"நீதான்டா என் டயர்ல ஊத்தின!"

"உன் சிவப்பு மூடி என் வண்டில!"

"உன் நீல மூடி என் வண்டில!"

வேலிக் கம்பிக்குள் கை விட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கம்பி இருந்ததால் அடிக்கவும் முடியவில்லை, வீம்பில் விடவும் மனசில்லை. அண்ணி அருகில் போய் நின்றார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. ஒருத்தர் வண்டில மட்டும் தண்ணி இருந்தா, ஜெயிக்க நினைச்சவன் ஊத்தினான்னு சொல்லலாம். ரெண்டுலயும் இருந்தா? யாரும் வேகமாப் போகக் கூடாதுன்னு நினைச்சவங்க ஊத்தியிருக்காங்க. அப்புறம் மூடி. ரெண்டு வண்டி மூடியும் ஒண்ணா கழட்டி ஒரே மடியில போட்டிருக்காங்க, திருப்பி மாட்டறப்ப ஒண்ணு ஒண்ணு மாறிப் போச்சு. அப்படின்னா இந்தக் கதவத் தாண்டி ரெண்டு பக்கமும் தாராளமாப் போய் வர்றவங்க. உங்க மெக்கானிக் இந்தப் பக்கம் காலே வச்சதில்ல."

"அப்ப எவன் அவன்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வருஷக்கணக்கில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"அவன்னு யாரு சொன்னா?" என்று அண்ணி வீட்டுப் பக்கம் நடந்தார்.

* * *

முதலாளி வீட்டுச் சமையலறையில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா முதலாளியின் மனைவி, தங்கை சகலையின் மனைவி. எங்களைப் பார்த்ததும் இரண்டு கத்தியும் ஒரே நேரத்தில் நின்றன.

அண்ணி எதுவும் விசாரிக்காமல் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தார். ஊர்ப் பேச்சு பேசுகிற மாதிரி கேட்டார். "டிராக்டர் டயருக்கு உங்க அப்பா தண்ணி ஊத்துறப்ப குழாய யாரு பிடிச்சுக்குவீங்க?"

"அக்கா குழாயப் பிடிப்பா, நான் வால்வு மேல வர்ற மாதிரி டயர..." என்று உற்சாகமாக ஆரம்பித்த தங்கை சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கு வாயே சத்துருடி" என்றாள் அக்கா. கத்தியைக் கீழே வைத்தாள்.

மண்ணில் வழுக்காமல் இருக்க டிராக்டர் டயரில் தண்ணீர் ஏற்றுவார்கள். அந்த வீட்டில் பிறந்த இருவருக்கும் அது விளையாட்டு. நேற்று மெக்கானிக்கைக் கையுறை வாங்க அனுப்பிய நேரம், முதலாளி தூங்கிய நேரம், சகலை சவரம் செய்யப் போன நேரம் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்திருக்கிறது. தோட்டத்துக் குழாயை எடுத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் இறங்கிவிட்டார்கள்.

"போன வருஷம் அவரத் தூக்கிக்கிட்டு வந்தப்ப தோள்பட்டை எலும்பு வெளில துருத்திக்கிட்டு நின்னுச்சும்மா" என்றாள் அக்கா. "இவ புருஷனோட பல்லு ரெண்டும் மணல்ல கிடந்துச்சு. இந்த வருஷம் ஆளாளுக்கு ரகசியமா எஞ்சினப் பெருசு பண்ணிட்டு வந்து நிக்கிறாங்க. சொன்னா கேக்கிற ஜென்மங்களா? சாவிய ஒளிச்சு வச்சா பூட்டை ஒடைப்பாங்க. கனம் ஏறினா வேகம் இருக்காதுன்னு எங்களுக்குத் தெரியும். எப்படியோ உசுரோட உச்சிக்குப் போய்ச் சேரட்டும்னுதான் செஞ்சோம்."

"கெட்டிக்காரத்தனம்தான்" என்றார் அண்ணி. "அந்தப் பொண்ணு விஷயம்?"

அக்கா தலை குனிந்தாள். "காலைல அவள வெளில தள்ளினப்ப இந்த ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்னா, தண்ணிய எடுத்துட்டுப் பறந்துருவாரு. பந்தயம் முடியட்டும், அப்புறம் மெல்லச் சொல்லிக்கலாம்னு..."

"பந்தயம் முடியறதுக்குள்ள எல்லாப் பட்டறைக்கும் போன் போயிரும்" என்றார் அண்ணி. குரலில் விளையாட்டு இல்லை. "உங்க வீட்டுக்காரரு எலும்பு சேந்துருச்சு. திருடிங்கிற பேரு அப்படி சேராதும்மா. அது ஒடஞ்சது ஒடஞ்சதுதான். நான் போய்ச் சொன்னா அது துப்பு. நீங்க சொன்னாத்தான் அவளுக்கு நியாயம்."

எனக்கு அக்காவின் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தங்கையும் எழுந்தாள்.

* * *

ஒலிபெருக்கிக்காரர் கையிலிருந்து மைக்கை அக்கா பிடுங்கியபோது கூட்டம் ஏதோ பரிசு அறிவிப்பு என்று கைதட்டியது.

"ரெண்டு வண்டிலயும் தண்ணி ஊத்தினது நானும் என் தங்கச்சியும்தான்" என்றாள். கைதட்டல் நின்றது. "எங்க மெக்கானிக் ஒரு ஆணியக் கூடத் திருடல. யாருக்கும் துரோகம் பண்ணல. காலைலயே நான் வாயத் திறந்திருக்கணும். திறக்கல. தப்பு என்னோடது." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "அவளத் திட்டினது உங்க தப்பு. வாங்க இங்க."

முதலாளி வந்தார். "ம், சரி, ஏதோ தெரியாம" என்று தன் மீசைக்குள் முனகினார். அக்கா மைக்கை அவர் வாயில் திணித்தாள். "காலைல இந்தக் குரல்லயா கத்தினீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொண்ணு மேல நான் சொன்னது பொய். அவ நல்லவ. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." இந்தத் தடவை மணல் மேடு முழுக்கக் கேட்டது.

காலையிலிருந்து ஒரு சொட்டு விடாமல் வைத்திருந்த மெக்கானிக், அப்போதுதான் அழுதாள். கருப்பேறிய விரல்களால் துடைக்கத் துடைக்கக் கன்னமெல்லாம் கோடு கோடாயிற்று. என் கண்ணிலும் தண்ணீர். டயர் தண்ணீர் என்று அண்ணியிடம் சொல்லிவைத்தேன்.

"பட்டறைக்கெல்லாம் யாரு போன் போட்டாங்களோ அவங்களே திருப்பிப் போடணும்" என்றாள் மெக்கானிக், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்பவே. மைக்லயே."

கூட்டம் "ஆமா, ஆமா" என்றது. முதலாளி வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். முதல் பட்டறைக்காரரின் குரல் ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்தது.

"அண்ணே, காலைல அந்தப் பொண்ணப் பத்திச் சொன்னேன்ல, அது தப்புண்ணே. அவ திருடல."

"அப்படியா? நல்லதாப் போச்சு. அப்ப அவள எங்க கடைக்கு அனுப்பு. இப்பவே சேத்துக்கிறேன்."

முதலாளி பதறிப்போய் அந்தப் போனை வைத்துவிட்டு அடுத்த பட்டறைக்குப் போட்டார். அங்கேயும் அதே பேச்சு. மூன்றாவது ஆள் இவர் பேசி முடிக்கும் முன்பே, எப்போது வருவாள் என்று கேட்டார்.

"வர மாட்டா!" என்று முதலாளி அலறினார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. "எவன் கடைக்கும் வர மாட்டா! அவ என் மெக்கானிக்! என் கடைலதான் இருப்பா!"

கூட்டம் விசிலடித்து ஆர்ப்பரித்தது. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மைக்கை எட்டத் தள்ளிவிட்டு, அவளிடம் ரகசியமாகக் குழைந்தார். "அதான் சொல்லிட்டேன்ல, இனிமே நீ நம்ம ஆளு. சீக்கிரம் போய் அந்தத் தண்ணிய மட்டும் எடுத்து விட்டுரு."

மெக்கானிக் அக்காவைப் பார்த்தாள். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மெக்கானிக் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துர்றேன் முதலாளி. நாளைக்குக் காலைல வந்ததும் முதல் வேலை அதுதான்."

"நாளைக்கா? அப்ப இன்னிக்கு?"

"இன்னிக்கு என்னை வேலைய விட்டு எடுத்துட்டீங்களே. லீவுன்னு வச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டு நேரே போய் அக்காவுக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். தானே டயருக்குக் குனியப் போன முதலாளியை அக்கா ஓர் அதட்டலில் நிமிர்த்தினாள். அந்தப் பக்கம் தன் டயர் மேல் கை வைக்கப் போன சகலை, தங்கை பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டார்.

கொடி அசைந்தது. இரண்டு எஞ்சின்களும் மேடே இடிந்து விழுகிற மாதிரி உறுமின. நானும் அண்ணியும் ஆளுக்கு ஒரு டீ குடித்து முடித்துவிட்டு, நடந்தே அவர்களை முந்திப் போய் உச்சியில் காத்திருந்தோம்.